குழாயில் சுற்றிய தறி நூல்

எங்கள் சமையலறைச் சுவருக்கு இந்தப் பக்கம் குழாய், அந்தப் பக்கம் தறி. எங்கள் ஊர் நகரியில் நெசவுக்காரர் வீடுகள் பலவும் இப்படித்தான். தறியை வைத்துவிட்டு மிச்ச இடத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். அதனால் குழாய் சுவரில் ஏறுகிற திருகு மரை வழியாகத் தண்ணீர் கசிய ஆரம்பித்தபோது பாத்திரம் கழுவுவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தறியில் புதுப் பாவு, நீளவாட்டு நூல், ஏற்றியிருந்தோம். ஈரம் சுவரைத் தாண்டினால் பாவில் போட்ட கஞ்சி இளகி, இழைகள் அறுந்துகொண்டே இருக்கும். அந்தப் பாவை நெய்து இறக்கினால்தான் முதலாளி அடுத்த பாவு கொடுப்பார்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கடையில் வெள்ளை டேப் விற்கிறார்கள், மரையில் சுற்றினால் நிற்கும், வாங்கி வாருங்கள் என்றேன். நெசவுக்காரன் வீட்டில் சுற்ற நூலா இல்லை என்று சிரித்தார். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான். துடைப்பம் அவிழ்ந்தாலும் நூல், குடைக்கம்பி கழன்றாலும் நூல், சார்ஜர் ஒயர் பிய்ந்தாலும் நூல்.

தொட்டி வால்வை மூடி, குழாயைக் கழற்றி, மரையில் நூலைச் சுற்றினார். சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு அழகான சுற்று. தறிக்குக் குச்சியில் நூல் ஏற்றித் தார் சுற்றிப் பழகிய கை, ஓர் இழைகூட இன்னொன்றின் மேல் ஏறவில்லை. ஆனால் குழாயைத் திருகத் திருக அந்த நூல் பிரிந்து வெளியே சுருண்டுகொண்டு வந்தது. சுற்றின பக்கம் தப்பு, திருகும்போது இறுகுகிற பக்கமாகச் சுற்றுங்கள் என்றேன்.

"பொறந்ததுலருந்து நூல் சுத்திக்கினு கீறேன். எனக்கே நீ சுத்தக் கத்துக் குடுக்கிறியா?"

மறுநாளும் கசிந்தது. இன்னும் தடிமனாகச் சுற்றினார், அதே பக்கமாக. அதுவும் கசிந்தது. தறிப் பக்கம் சுவரில் கை வைத்தால் சில்லென்றிருந்தது. பாவு உருளைக்கும் சுவருக்கும் நடுவில் பழைய புடவையைத் தொங்கவிட்டேன். அதைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி தறியை ஓட்டினார். ஓரத்து இழைகள் அறுந்தன. தறியை நிறுத்தி முடிச்சுப் போடுவார், மறுபடி ஓட்டுவார், மறுபடி அறும். நூல் சரியில்லை என்று திட்டினாரே தவிர, குழாய்ப் பக்கம் திரும்பவில்லை. ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்தது.

அவர் புத்தூருக்குப் போன அன்று நானே டேப் வாங்கி வந்தேன். குழாயைக் கழற்றி, ஊறிப்போன நூலையெல்லாம் பிய்த்தெறிந்துவிட்டுச் சுற்ற ஆரம்பித்தால், என் கையும் அவர் சுற்றின பக்கமே போகிறது. நானும் சின்னதிலிருந்து தார் சுற்றினவள்தானே. என் கை மேலேயே எரிச்சல் வந்தது. பிரித்துவிட்டு, எழுதப் பழகுகிற பிள்ளை மாதிரி மெதுவாக எதிர்ப்பக்கம் சுற்றித் திருகினேன். டேப் நகரவில்லை. வால்வைத் திறந்தேன். ஒரு சொட்டுக்கூட இல்லை.

சில நாளில் சுவர் காய்ந்தது. அவர் தடவிப் பார்த்துவிட்டு, கடைசியில் என் நூல் கசிவை நிறுத்திவிட்டது பார் என்றார். பாவு பிழைத்ததே போதும் என்று வாயை மூடிக்கொண்டேன். அவரோ தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதன் பலன், பக்கத்து வீட்டுக்காரி வந்து நின்றாள். அவர்கள் வீட்டுக் குழாயும் கசிகிறதாம், அண்ணனைக் கொஞ்சம் அனுப்பச் சொன்னாள். அவர்கள் தறியிலும் பாவு இருக்கிறது. இவர் அதற்குள் நூல்கண்டை எடுத்துவிட்டார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அது நூலு இல்ல, டேப்பு. நீங்க ஊர்ல இல்லாதப்ப நான் சுத்தினது."

அவர் குனிந்து குழாயைப் பார்த்தார். மரையின் விளிம்பில் வெள்ளை டேப் தெரிந்தது. பிறகு ஸ்பேனரை என் கையில் வைத்து, அப்படியானால் நீயே போய்ச் சுற்றிவிட்டு வா என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போனார். நீ சொன்னது சரி என்ற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. ஈரச் சுவரைத் தடவித் தடவி நான் காத்திருந்தது அதற்கும் சேர்த்துத்தான்.

மீதி டேப்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவள் வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அண்ணன் வரவில்லையா என்று கேட்டார். அவர் கையில் ஒரு நூல்கண்டு தயாராக இருந்தது.