காலடிப்பேட்டைக்கு வந்த கேபிள்

கேபிள் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்னும் குமட்டுகிறது. டிவி கேபிளைச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டை ஆம்ப்ளிஃபையர் வரைக்கும் கொண்டுபோகிற லேன் கேபிளைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது இருக்கும். துறைமுகப் பக்கம், காலடிப்பேட்டை வீட்டில் அடுப்பங்கரை வாசலை ஒட்டி கம்ப்யூட்டரை வைத்திருந்தேன். பாட்டெல்லாம் அதில்தான். முன்னறையில் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், கூடவே கம்ப்யூட்டரிலிருந்து பாட்டை வாங்கிப் பாடும் சின்னப் பெட்டி ஒன்று. நடுவில் தரையோரமாக ஒயர். எங்கள் பக்கத்து உப்புக் காற்றில் ஒயர் முனை சீக்கிரமே பச்சை பூத்துவிடும். அதை வெட்டிவிட்டு வேறு முனை அடித்துக்கொள்வேன். பாட்டு ஒன்றும் குறைந்ததில்லை.

இணையத்தில் பழக்கமான கூட்டம் ஒன்று இருந்தது. மாதம் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பாட்டுக் கேட்பார்கள். எல்லாம் அடையாறு, பெசன்ட் நகர் வீடுகள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் ஊர்ந்து நானும் போவேன். கனமான ஆம்ப்ளிஃபையரை இடம் மாற்ற வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு தடவை அந்தக் கூட்டம் எங்கள் வீட்டில் நடக்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. கெஞ்சாத குறையாகக் கேட்டுக் கேட்டு, கடைசியில் வீடு ஒத்துவருமா என்று பார்க்க மூன்று பேர் வந்தார்கள். பெண் பார்க்க வருகிற தோரணைதான். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், அவர் சொல்லுக்கெல்லாம் தலையாட்ட இரண்டு பேர்.

வாசலிலேயே மேலாளர் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனார். ஜன்னல் கம்பியில் விரலைத் தேய்த்து, நிலக்கரித் தூசியை மற்ற இருவருக்கும் காட்டினார். "இந்த ஏரியால கரண்ட்டே சுத்தமா இருக்காது சார்" என்றார். என் ஒயரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். செத்த எலியைக் கூட அப்படித் தூக்க மாட்டார்கள். "இதுல கேக்கறதும் ஒண்ணுதான், கேக்காம இருக்கறதும் ஒண்ணுதான்."

பைக்குள்ளிருந்து வெல்வெட் உறையில் சுற்றிய தடித்த கேபிள் வந்தது. அதில் அம்புக்குறி வேறு போட்டிருந்தது. சத்தம் அந்தத் திசையில்தான் சரியாக ஓடுமாம். அவரே இரண்டு பக்கமும் சொருகினார். நான் பாட்டைப் போட்டேன்.

மூவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். சற்று நேரம் போனதும் மேலாளர் முனகினார். "ஆஹா, இப்பப் பாருங்க. பாடறவர் மூச்சு இழுக்கறது கூடக் கேக்குது." ஒருவர் தன் முழங்கையைத் தடவி மயிர்க்கூச்செறிவதாகச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து வந்து நின்றாள். இடுப்பில் சொருகிய புடவை, ஈரக் கை, கையில் அந்தக் கேபிளின் முனை.

"மீன் கழுவுன தண்ணி கொட்டிக்கிச்சி. தொடைக்க சொல்லோ இந்த ஒயரு கழண்டுகினு வந்துட்ச்சி. இத்த எங்க சொருவறது?"

பாட்டு அப்போதும் பாடிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டி கொஞ்சம் பாட்டை முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொள்ளும். ஆக, இவர்கள் சொக்கிப்போனது ஒரு முனை கழன்று கிடந்த கேபிளுக்கு. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இழுத்து வைத்தது தீர்ந்ததும் பாட்டு பொட்டென்று நின்றது.

மனுஷன் வெட்கப்படுவார் என்று பார்த்தேன். ம்ஹூம். "இவ்வளவு நேரம் ஓடினது இந்தக் கேபிள் வழியா வந்த டேட்டாதானே சார்" என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்றிருந்தது.

பிறகு அவள் கையிலிருந்து முனையைக் கைக்குட்டையால் பிடித்து வாங்கினார். முகர்ந்தார். முகம் சுளித்தார். அவள் எதிரிலேயே அதைத் துடைத்தார், மறுபடி முகர்ந்தார், மறுபடி துடைத்தார். அவள் ஈரக் கையைப் புடவைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"ரூம் பரவாயில்ல சார். அடுத்த மாசம் இங்கயே வச்சுக்கலாம்" என்றார் மேலாளர். "அன்னிக்கு மட்டும் வீட்ல மீன் வேண்டாமே."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "ஒரு நாளிக்கித்தானே, பரவால்ல சார்" என்றாள்.

நான் கேபிளைப் பிடுங்கி, சுருட்டி, வெல்வெட் உறையோடு அவர் மடியில் வைத்தேன். "ஞாயித்துக்கிழமைன்னா இந்த வூட்ல மீன்தான் சார்" என்றேன். அவர்கள் வீட்டுக்குப் போனால் வூடு என்ற வார்த்தையை நான் விழுங்கிவிடுவது வழக்கம்.

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"இன்னாத்துக்கு வேணான்ன? எவ்ளோ ஆசப்பட்டுகினு இருந்த" என்றாள்.

"அந்தாளு ஒயரயா தொடச்சான்? உன் கையத்தான்டி தொடச்சான்" என்றேன்.