கலோலைனே இழந்த இருபத்தொன்பது கிலோ

"சுயகட்டுப்பாட்டாலும் இடைவிடாத உடற்பயிற்சியாலும் ஏழு மாதத்தில் இருபத்தொன்பது கிலோ குறைத்தவர்" என்றது கலோலைனே மாஹேவுக்குக் கொடுத்த சான்றிதழ். அவர் உடற்பயிற்சி செய்து யாரும் பார்த்ததில்லை. தேவாலயத்திலிருந்து வீட்டுக்கு இருநூறு அடி; அதற்கும் யாருடைய வண்டியிலாவது ஏறிக்கொள்வார். கட்டுப்பாடு என்பதும் பெரிய வார்த்தை. பாடகர் குழுவில் பாட்டு முடிந்த பிறகும் அவர் குரல் முடியாது.

வவாவுத் தீவில் எங்கள் சபைக்கும் மேற்குக்கரைச் சபைக்கும் நடந்த எடைக்குறைப்புப் போட்டியில் கொடுத்தது அந்தச் சான்றிதழ். பரிசு ஒரு மழைநீர்த் தொட்டி. எங்களில் பாதிப்பேர் எடை கூடிக்கொண்டிருக்க, கலோலைனே தனியாளாகத் தொட்டியைக் கொண்டுவந்து சேர்த்தார். மெலிந்தவரைக் கண்டால் என்ன நோய் என்று கேட்கிற ஊர் எங்களுடையது. அந்த வருடம் மட்டும் கைதட்டினோம்.

அந்த மாதங்களில், சாப்பிட்ட அரை மணியில் அவருக்கு வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும், பிறகு வாந்தி. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை அவர் பன்றிகளுக்குப் போட்டதைக் கணவர் சாமிசோனி பார்த்திருக்கிறார். போட்டிக்காக என்று நினைத்தாராம்.

தொட்டி வந்த மூன்றாம் வாரம், ஒரு சனிக்கிழமை மதியம், வயிறு உப்பி, பச்சையாக வாந்தியெடுத்தபடி கலோலைனே மருத்துவமனைக்கு வந்தார். எக்ஸ்ரேயில் குடல் காற்றடித்ததுபோல் வீங்கித் தெரிந்தது. டாக்டர் ஃபிஃபிதா மூக்கு வழியே குழாய் விட்டார்.

"முன்னாடி வயித்துல ஆபரேஷன் ஏதாவது?"

"இல்ல."

"வலி எப்போலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து."

அப்படிச் சொன்னதற்குக் காரணம் கட்டிலைச் சுற்றி நின்றது: பாதிப் பாடகர் குழு. போதகரின் மனைவி வைலீ அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

நேற்றைய வலி என்றால் பொறுத்துப் பார்க்கலாம். சில அடைப்புகள் தானாக விலகும். ஞாயிறு ஓய்வுநாள் என்பதால் இங்கே விமானம் பறக்காது. திங்களன்று தலைநகருக்கு அனுப்பலாம் என்று டாக்டர் நினைத்தார்.

"பட்டினி கிடந்து குடல் சுருங்கிருச்சு டாக்டர். போதும்னு நானே சொன்னேன், கேக்கல" என்றார் நர்ஸ் லோசே. போட்டிக்கு எடை பார்த்தவர் அவர்தான்.

"எங்கடி சொன்ன? இன்னும் ரெண்டு கிலோ இறக்குன்னுதான சொன்ன" என்றார் கலோலைனே.

பெண்கள் சிரித்தார்கள். கலோலைனே சிரிக்கவில்லை.

"டாக்டர், நேத்து இல்ல. ஏழு மாசமாச்சு. நான் பட்டினியெல்லாம் கிடக்கல. தின்னது தங்கல. வெளிக்குப் போனாலும் தார் மாதிரி கறுப்பா இருக்கு."

வைலீயின் கை நின்றது. "அப்போ தொட்டி?"

"மேற்குக்கரைக்காரங்களே எடுத்துட்டுப் போகட்டும் அக்கா."

பழைய ஆபரேஷன் தழும்பில்லாத வயிறு, ஏழு மாத வலி, கறுப்பு மலம். இது தானாக விலகும் அடைப்பல்ல என்று டாக்டருக்குப் புரிந்தது. அன்று மாலையே வயிற்றைத் திறந்தார். சிறுகுடலின் மேற்பகுதியை ஒரு கட்டி மோதிரம்போல் இறுக்கியிருந்தது. அதற்கு மேலே குடல் கிழியும் தறுவாயில் இருந்தது. திங்கள்வரை தாங்கியிருக்காது. கட்டியையும் பக்கத்து நிணநீர் முடிச்சுகளையும் வெட்டியெடுத்து, குடலின் இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்.

ஐந்து வாரம் கழித்து, நியூசிலாந்துக்கு அனுப்பிய கட்டியின் பரிசோதனை அறிக்கை வந்தது. சிறுகுடல் புற்றுநோய். இருபது வருடத்தில் டாக்டர் பார்க்கும் இரண்டாவது. ஒரு முடிச்சில் பரவியிருப்பதால் எத்தனை வருடம் என்று சொல்ல முடியாது என்றார்.

சான்றிதழ் கொடுக்கவேண்டியது இதற்குத்தான்: அந்தச் சனிக்கிழமை, தன் சபையார் காதுபட, கலோலைனே டாக்டரிடம் உண்மையைச் சொன்னார்.