சங்கரலிங்கம் அண்ணாச்சியும் ஓர் அரைச் சுற்றும்

ஓய்வூதியக்காரர்கள் உயிரோடிருக்கிறோம் என்று ஆண்டுக்கொருமுறை கொடுக்க வேண்டிய சான்றுக்காகக் கருவூலத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. அழைத்தவர் நம் படிப்பகச் செயலாளர். "சார், நம்ம சங்கரலிங்கம் அண்ணாச்சி போயிட்டார். காலையில குளிச்சிட்டு வந்து உட்கார்ந்தவர், அப்படியே சாஞ்சிட்டாராம்" என்றார். எனக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். நான் வரிசையை விட்டு வெளியே வரவில்லை. என் முறை வந்ததும் விரலை வைத்தேன். இரண்டாவது தடவையில் இயந்திரம் ஏற்றுக்கொண்டது. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு நன்றி சொன்னேன். அதற்குப் பிறகுதான் ஆட்டோ பிடித்து ஸ்ரீவராகத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட ஓர் ஆளோடுதான் அண்ணாச்சி ஆறு வருடம் பழகினார் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

படிப்பகத்துக்கு வருகிற நம் எல்லோருக்கும் அவரைத் தெரியும். குடிநீர் வாரியத்தில் பம்ப் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மலையாளப் பத்திரிகையை முதலிலும் தமிழ்ப் பத்திரிகையைப் பிறகும் படிப்பார். படித்துக்கொண்டே தலையைத் தூக்காமல், "அந்த மூணாவது ஃபேன்ல பேரிங் போயாச்சு, கேட்டோ" என்பார். அடுத்த நாள் ஏணியோடு வந்து நிற்பார். இரங்கல் கூட்டத்தில் இதையெல்லாம் நான்கு பேர் நன்றாகப் பேசினார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை நம் படிப்பகத்தின் இந்தச் செய்தி மடலில் எழுதுகிறேன். எழுதுவது சரிதானா என்ற சந்தேகம் இந்த வரி வரைக்கும் இருக்கிறது.

என்னிடம் ஒரு பழைய நூறு சிசி மோட்டார் சைக்கிள் உண்டு. கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளராகச் சேர்ந்து சில வருடங்களில் வாங்கியது. என் மனைவி காலமானபின் அதை அதிகம் எடுக்கவில்லை. ஒரு நாள் எடுத்துக்கொண்டு வந்தபோது படிப்பக வாசலில் நின்றுவிட்டது. உதைத்து உதைத்துப் பார்த்தேன். அண்ணாச்சி உள்ளேயிருந்து பத்திரிகையை மடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன சாரே, வண்டி பிணங்கிடுச்சோ?"

"பெட்ரோல் இருக்கு. பிளக்கைப் போன மாசம்தான் மாத்தினேன்."

"கார்புரேட்டர் அடைஞ்சிருக்கும். இங்க வெச்சு வேண்டாம், ரோட்டு மண்ணு விழும். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாறேன். வலியசாலைதானே?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்தார். வீட்டின் பின்பக்க முற்றத்தில் பழைய வேட்டியை விரித்தோம். பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரைக் கழற்றி, அடியில் இருக்கிற கிண்ணத்தைத் திறந்தார். தவிட்டு நிறத்தில் வண்டல் தங்கியிருந்தது. ஜெட் என்கிற பித்தளைத் துண்டுகளை, ஊசிமுனை அளவு துளை உள்ளவற்றை, ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்தார். நான் அவற்றைக் கழற்றிய வரிசையில் அடுக்கி, காகிதத் துண்டில் எண் எழுதி அருகே வைத்தேன். அவர் சிரித்தார். "பரீட்சை ஹால்ல நம்பர் போடற மாதிரி இருக்கே. ஆறே சாமான்தான் சாரே, ஓடிப் போயிடாது." அடைப்பை எடுக்கலாம் என்று நான் தையல் ஊசியைக் கொண்டுவந்தபோது மட்டும் கையைப் பிடித்துத் தடுத்தார். "ஊசி வேண்டாம். தொளை பெருசாயிடும். அப்புறம் எவன் வந்தாலும் சரியாக்க முடியாது." பழைய மின்வயரிலிருந்து தலைமுடி போன்ற செம்பு இழை ஒன்றை உருவி, அதை விட்டு எடுத்து, வாயால் ஊதி, வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். துளைக்குள் வெளிச்சம் தெரிந்தது.

திரும்பப் பூட்டியபின் என்ஜினைச் சூடாக்கி, டியூன் செய்தார். கார்புரேட்டரின் பக்கவாட்டில் காற்றின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் சின்னத் திருகு ஒன்று உண்டு, ஏர் ஸ்க்ரூ என்பார்கள். அதை முழுவதும் மூடிவிட்டு மெல்லமெல்லத் திறந்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். "நீங்க பேசாதீங்க. இப்ப அது பேசட்டும்" என்றார். ஒன்றரைச் சுற்றில் சத்தம் சீரானது. நோட்டில் எழுதிக்கொண்டேன்: மூடிய நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்று. இரண்டு பேரும் காப்பி குடித்தோம். அந்த வீட்டில் இரண்டு டம்ளர் கழுவி மாதக்கணக்காகியிருந்தது.

வண்டி நன்றாக ஓடியது. அதுதான் பிரச்சினை. ஒரு ஞாயிறு போயிற்று, இரண்டு, மூன்று. என் மகன் புனேயில் இருக்கிறான், வாரம் ஒருமுறை பேசுவான், அவன்மேல் குறையில்லை. ஆனால் ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு "வாருங்கள், பேசிக்கொண்டிருப்போம்" என்று சொல்வது எனக்கு வராது. நாற்பது மாணவர்கள் முன் நின்று பாடம் நடத்தியவன்தான். ஒரே ஓர் ஆளை வீட்டுக்கு அழைக்க ஒரு காரணம் வேண்டும், அதுவும் அவர் மறுக்க முடியாத காரணமாக இருக்க வேண்டும்.

அதனால் நான்காவது சனிக்கிழமை மாலை முற்றத்தில் உட்கார்ந்து, அந்தத் திருகை அரைச் சுற்று உள்ளே முறுக்கினேன்.

அரைச் சுற்றை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். திருகின் தலையில் ஒரே கோடுதான் வெட்டியிருக்கும். அரைச் சுற்று திருப்பினால் அந்தக் கோடு பழைய திசையிலேயே வந்து நிற்கும், யாரோ தொட்டது தெரியாது. என் படிப்பு முழுவதும் அன்று அதற்குத்தான் பயன்பட்டது. வண்டியை எடுத்துப் பார்த்தேன். கிள்ளிப்பாலம் சிக்னலில் இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன்.

"அணையுதா? எப்ப, நிக்கும்போதா? சரி, நாளைக்கு வாறேன்" என்றார்.

இப்படியே போயிற்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சில சமயம் மூன்று. அவர் வருவார், கிண்ணத்தைத் திறப்பார், சுத்தமாகவே இருக்கும், இருந்தாலும் துடைப்பார். பம்ப் ஹவுஸில் தனியாக இருந்த நாட்களைப் பற்றிப் பேசுவார். மோட்டார் ஓடினால் சத்தத்தில் யாரும் பேச முடியாது, ஓடாவிட்டால் தண்ணீர் வராத சனங்கள் வந்து பேசாமல் விடமாட்டார்கள் என்பார். என் மனைவியைப் பற்றி ஒருமுறைதான் கேட்டார். "அவங்க இதுல பின்னால உட்கார்ந்து வருவாங்களோ?" "வருவாள். வளைவுல மட்டும் தோளைப் பிடிப்பாள்" என்றேன். "பின்னே வண்டியை விக்காதீங்க" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு இல்லை.

நல்ல மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. கிழக்கேகோட்டையில் தண்ணீர் தேங்கி ஆட்டோ கிடைக்காமல், குடையோடு நடந்தே வந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே முழுவதும் நனைந்திருந்தது, இருமிக்கொண்டிருந்தார். துண்டு கொடுத்தேன். அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் திருகைத் தேடி முன்னால் குனிந்து, இருமி, பிறகு நிமிர்ந்து, "சரியாயிடுச்சு" என்றார்.

அடுத்த முறை சனிக்கிழமை மாலை ஸ்க்ரூடிரைவரோடு போய்க் குனிந்தபோது, திருகின் கோட்டின் ஒரு முனையில் மட்டும் சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. நகப்பூச்சு. அரைச் சுற்று திருப்பினால் அந்தப் புள்ளி மறுபக்கம் போய்விடும்.

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். வயது அறுபத்தெட்டு. காப்பியடித்துப் பிடிபட்ட மாணவனைப் போல அந்த முற்றத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அதன்பிறகு அவரைக் கூப்பிடவில்லை. படிப்பகத்துக்கும் வரவில்லை, காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். மூன்று ஞாயிறு கழிந்தது. எனக்கு இருந்த ஒரே மனிதரை நானே இழந்துவிட்டேன் என்று முடிவு செய்திருந்தேன்.

நான்காவது ஞாயிறு எட்டு மணிக்கு வாசலில் சத்தம்.

"சாரே! என்ன, வண்டி கேடாகலையா? இல்ல நீங்க கேடாகிட்டீங்களா?"

உள்ளே வந்தார். நேராகப் பின்முற்றத்துக்குப் போனார். நான் பின்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க மூன்று வாரமாக ஒரு வாக்கியம் தயாரித்திருந்தேன்.

"எப்பத் தெரியும்?" என்று மட்டும் கேட்டேன்.

"முதல் தடவையே தெரியும். வண்டி அதிர்ந்தா திருகு தளரும். தானா உள்ள முறுகுமா, சாரே? பெரிய படிப்பெல்லாம் படிச்சவரு, ஆனா தப்பான பக்கம் திருப்பிட்டீங்க."

"அப்புறம் எதுக்கு அந்தப் பொட்டு?"

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார் என்று நினைக்கிறேன். "எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியட்டும்னுதான். நேரா சொன்னா வெட்கப்படுவீங்க. இப்படியானா மெல்லச் சொன்ன மாதிரி ஆச்சேன்னு பார்த்தேன். நீங்க என்னடான்னா கதவையே சாத்திட்டீங்க. மூணு ஞாயிறு நான் எங்க போக? வீட்ல ஆளுக்கொரு போன். நான் ரூமுக்குள்ள வந்தா, வந்ததுகூடத் தெரியாது."

பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பி, ஸ்க்ரூடிரைவரை எடுத்து, என் கண்ணெதிரே, அந்தத் திருகை அரைச் சுற்று உள்ளே முறுக்கினார். வண்டி தடுமாறி அணைந்தது.

"கண்டோ, கேடாயிடுச்சு. வாங்க, சரியாக்கணும்."

அன்றிலிருந்து நான் அவரைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஞாயிறுதோறும் வருவார். தானே கெடுப்பார், இருவரும் சேர்ந்து சரியாக்குவோம். சில நாள் ஸ்க்ரூடிரைவரை என்னிடம் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம்... மதி, மதி, போதும்" என்பார். ஒரு தடவை, எதற்கென்று சொல்லாமல், "காரணம் இல்லாம கூப்பிட்டா நான் வரமாட்டேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டது அது, எந்த வயதிலிருந்து என்று தெரியவில்லை.

காரியங்கள் முடிந்தபின் மதினியை, அண்ணாச்சியின் மனைவியை, பார்க்கப் போயிருந்தேன். "ஞாயித்துக்கிழமை எங்கயும் கூப்பிட்டா வரமாட்டாரு. சார் வீட்டு வண்டி சரியில்லைன்னு சொல்லிடுவாரு. ஆறு வருஷமா ஒரு வண்டி சரியாகாம இருக்குமான்னு கேட்பேன்" என்றார். வண்டியில் கோளாறே இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை. இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்வார், மன்னிப்பார் என்று நம்புகிறேன்.

கடைசி ஞாயிறு அவர் டியூன் செய்துவிட்டுப் போனபடியே வண்டி இருக்கிறது. நான் தொடவில்லை. ஒரே உதையில் கிளம்புகிறது, சிக்னலில் அணைவதில்லை. எட்டு மணி ஆகிறது, ஒன்பது ஆகிறது, முற்றத்தில் யாருமில்லை. சனிக்கிழமை ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன். கெடுத்தாலும் வருவதற்கு ஆள் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, காரணம் இல்லாமல் கூப்பிடுவது பற்றிய அந்தக் கேள்வி ஒன்றுதான். அதற்கு அவர் இருக்கும்போது பதில் சொல்லத் தைரியம் வரவில்லை. இப்போதும் வந்திருக்கிறதா என்று நிச்சயமில்லை, ஆனால் நேரில் சொல்வதைவிட எழுதுவது எனக்குக் கொஞ்சம் எளிது. ஞாயிற்றுக்கிழமை காலை வலியசாலையில் என் வீட்டில்தான் இருப்பேன். அண்ணாச்சியைத் தெரிந்தவர்கள் யாராவது வரலாம். என்னிடம் சரிசெய்ய வேண்டியது எதுவும் இல்லை. சும்மா வாருங்கள்.