பேரிக்காய்ப் புட்டிங்குக்குத் தெளித்த தண்ணீர்

மாலை ஆறே முக்கால். பங்களாவுக்குப் பின்னால் தனியே நின்ற சமையற்கட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மாரியப்பனின் வலது கை. அது மாவின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது.

இலங்கையில் பண்டாரவளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது நான் துரையின் மேசையில் பரிமாறுபவன். மாரியப்பன் மலையில் தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கழித்து கவ்வாத்து வெட்டியவர். பழைய சமையல்காரர் சொல்லாமல் போய்விட்டதால் ஒரு வாரம் இவரை அடுப்படியில் வைத்துப் பார்த்தார்கள். அன்று கடைசி நாள். துரைசாணிக்குச் சாப்பாடு பிடிக்காவிட்டால், விடிந்ததும் அவர் கவ்வாத்துக் கத்தியோடு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும்.

துரைசாணி ஆங்கிலத்தில் சொன்ன பேரிக்காய்ப் புட்டிங் பக்குவத்தை நான்தான் தமிழில் சொல்லியிருந்தேன். கோதுமை மாவில் வெண்ணெயும் சீனியும் சேர்த்து உதிரியாகப் பிசற வேண்டும். வேகவைத்த பேரிக்காய்மேல் தூவி, ரொட்டி சுடும் போறணையில் வைத்துச் சுட வேண்டும்.

"தண்ணி யாருய்யா ஊத்தச் சொன்னது?"

"ஊத்தலண்ணே, தெளிச்சேன். புட்டு மாவுக்கு உப்புத் தண்ணி தெளிக்கிறதில்லையா?"

"உப்பு வேறயா!"

மாவு களியாகத் திரண்டிருந்தது. வேறு மாவு கிடையாது. துரைசாணி காலையில் அளந்து கொடுத்துவிட்டு ஸ்டோரைப் பூட்டிவிடுவார். உள்ளே விருந்தாளி துரை ஒருவர் வந்து உட்கார்ந்தாயிற்று.

சூப் கொண்டுபோய் வைத்துவிட்டு மழையில் ஓடி வந்தேன். மாரியப்பன் அந்த மாவை மெல்லிய அடையாகத் தட்டிச் சுட்டு, அம்மியில் வைத்து நொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மில மொளகா வாடை போகாதேய்யா."

"ரெண்டு தரம் கழுவிட்டேன். நீங்க போங்கண்ணே, உள்ள மணியடிக்கிறாங்க."

இறைச்சியை வைத்துவிட்டு மறுபடி வந்தேன். நொறுக்கிய தூள் பழத்தின்மேல் ஏறி, பாத்திரம் போறணைக்குள் போயிருந்தது.

"ருசி பாத்தியா?"

"நல்லா கேட்டீங்க. பந்தியில வைக்கிறதுக்கு முந்தி எச்சப்படுத்துவாங்களா?"

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நானும் ருசி பார்க்காமலே சூடாகத் தூக்கிக்கொண்டு போனேன்.

துரைசாணி ஒரு கரண்டி தின்றுவிட்டு நிறுத்தினார். நான் சுவரோடு நின்றேன். பிறகு இன்னொரு கரண்டி எடுத்தார். விருந்தாளி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

சமையற்கட்டு வாசலிலேயே மாரியப்பன் மறித்தார்.

"என்னண்ணே சொன்னாங்க?"

"ஞாயித்துக்கெழமையும் இதையேதான் செய்யணுமாம்."

"நானா?"

"பின்ன, நானா?"

அவர் சிரிக்கவில்லை. பாத்திரத்தை வாங்கி, ஓரத்தில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி வாயில் போட்டார். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.