யோகண்ணையும் தம்பியின் கன்னத்து அம்புக்குறியும்

யோகண்ணை இறந்துவிட்டாராம்.

நம்பவே முடியவில்லை... காலையில் அவருடைய மகள் போன் எடுத்து, "அப்பா மோசம் போயிட்டார் அக்கா" என்றபோது, "ஆர்ர அப்பா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு எத்தனை அப்பா!

வியாழக்கிழமைதான் என்னோடு கதைத்தவர். ஒரு இருமல்கூட இல்லை. நேற்று நெஞ்சு நோகுது என்று கதிரையில் இருந்தாராம். அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்கு... 2004இல் கிளிநொச்சியில் அவருடைய ஸ்ரூடியோவில் நான் கொம்பியூட்டர் வேலை பார்த்தேன். வெளிநாட்டுச் சொந்தங்கள் டிஜிட்டல் கமராவோடு வந்து இறங்கிய காலம். எல்லோரும் படங்களை சீடியில் கேட்பார்கள். யோகண்ணை சீடியோடு பிலிமும் கொடுப்பார்.

மொனிட்டரில் படத்தைப் பெரிதாகத் திறந்து வைப்பேன். அவர் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, தன் பழைய பிலிம் கமராவால் அந்தத் திரையையே படம் எடுப்பார். கறுப்பு வெள்ளை பிலிம். பின்னறையில் தானே கழுவுவார்.

முதல் றோலில் எல்லோருடைய முகத்துக்கும் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. கலியாணப் பொம்பிளைக்கும்கூட! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மனுஷன் சோறு தண்ணி இல்லாமல் நின்று, ஷட்டரை மெதுவாக்கிப் பார்த்து, மூன்றாவது றோலில்தான் சரியாக்கினார்.

"உங்களுக்கென்ன விசரே அண்ணை? அதுதான் சீடியில கிடக்குதே."

"சீடியைப் பாக்க கொம்பியூட்டர் வேணும். கொம்பியூட்டருக்குக் கரண்ட் வேணும். பிலிமுக்கு வெயில் காணும் பிள்ளை. தூக்கிப் பிடிச்சாத் தெரியும்."

பிலிம் வாங்க வருகிறவர்களிடம் ஒரே பாட்டுத்தான். "அல்பத்துக்குள்ள வைக்காதேங்கோ. காணி உறுதிப் பத்திரம் இருக்கிற பைக்குள்ள வையுங்கோ. ஓடேக்க அதைத்தானே முதல் தூக்குவியள்." சமாதான நேரத்தில் இதென்ன அபசகுனக் கதை என்று சிலர் முகம் சுளிப்பார்கள்.

என் தம்பியின் படத்தையும் எடுத்தோம். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம், லண்டன் மாமா வந்தபோது எடுத்தது. மவுஸைத் தள்ளிவிட மறந்தது நான்தான். கழுவிப் பார்த்தால் தம்பியின் கன்னத்தில் அம்புக்குறி.

யோகண்ணைக்கு வந்ததே கோபம்... "எடுக்க முதல் அம்பைத் தள்ளு எண்டு எத்தினை தரம் சொன்னனான்? கண்ணை எங்க வச்சிருக்கிறாய்?"

அந்த றோல் முடிந்திருந்தது. அடுத்ததில் எடுப்போம் என்றேன். எடுக்கவில்லை.

2009... கொம்பியூட்டர் போனது. சீடி போனது. அல்பம் போனது. தம்பியும் போய்விட்டான்.

அம்மா சண்டை முடியும்வரை கையை விட்டு விடாத உறுதிப் பைக்குள் அந்தப் பிலிம் துண்டு மட்டும் இருந்தது. தம்பியின் முகம் எங்களிடம் இருப்பது அதில் மட்டும்தான். அதிலிருந்து போட்ட படம்தான் வீட்டுச் சுவரில், அம்புக்குறியோடு.

வியாழக்கிழமை போனில் சொன்னார்... "பிள்ளை, மகள் எனக்கு கொம்பியூட்டரில படம் திருத்தப் பழக்கிவிட்டவள். அந்தப் பிலிமைக் கொண்டு வா. தம்பியின்ர கன்னத்தில கிடக்கிற அம்பை எடுத்துத் தாறன். இவ்வளவு வருசமா எனக்கு உறுத்திக்கொண்டே கிடக்குது."

பிழை விட்டது நான். உறுத்தியது அவருக்கு.

"வாற கிழமை வாறன் அண்ணை."

"வவுனியாவிலயிருந்து கண்டாவளைக்கு வர உனக்கு ஒரு கிழமையோ?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் காதுக்குள் கிடக்கிறது...

அம்மாவிடம் இப்போதுதான் சொன்னேன். எழும்பிப் போய் தம்பியின் படத்துக்கு முன்னால் நின்று, அந்த அம்புக்குறியை விரலால் தடவினா.

நாளைக்கு வாறன் அண்ணை. பிலிம் கொண்டு வரமாட்டன்.

அம்பு அங்கேயே கிடக்கட்டும்.