கேட்டாயிற்று என்பதற்கு ஒரு கையெழுத்து

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். தொழிலாளர் பிரதிநிதிக்கு மூன்றாவதாக வீட்டிலிருந்தும் ஒன்று விழும். உங்கள் வேலைத்தளத்திலும் யாராவது உங்களைக் கூட்டத்தில் இருத்தி, பிஸ்கட் தந்து, "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று சொல்லியிருந்தால் நீங்களும் என் இனம்தான். மெல்பேர்னில் டண்டினோங் பக்கம், யோகட் கிண்ணங்களுக்கு மூடி செய்யும் ஒரு ஜெர்மன் கொம்பனியின் தொழிற்சாலை. அங்கே மூடி அடுக்குவது என் வேலை. பிரதிநிதிப் பதவி தலையில் வந்து விழுந்தது, 2010 முதல் 2013 வரை.

நான் இல்லாத தேர்தல்

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு த பேசின் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தேன். திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் எல்லோரும் கை குலுக்குகிறார்கள். தொழிற்சாலை எந்த நாட்டில் இருந்தாலும் தொழிலாளரைக் கேட்டுத்தான் மாற்றங்கள் செய்ய வேண்டும் என்று ஜெர்மனித் தலைமையகம் எழுதி அனுப்பியிருந்ததாம். அதற்குப் பொதி செய்யும் பகுதியிலிருந்து ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. பகல் வேலையில் இருந்த பதினைந்து பேரில் அன்றைக்கு வராதவன் நான் ஒருவன்தான். மறுப்புச் சொல்ல ஆள் இல்லாததால் ஏகமனதாகத் தெரிவு செய்துவிட்டார்கள்.

என்னோடு பத்து வருடமாக ஒரே லைனில் நிற்பவர் ரோவில் பகுதியில் இருக்கும் மனோகரி அக்கா. ஐம்பத்தெட்டு வயது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் மூடியை அடுக்கியபடி, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "பிள்ளையாரிட்டப் போட்டு வந்த ஆள்தானே தம்பி, இனி எங்கட விக்கினங்களை நீரே பாரும்."

கதிரையின் நிறம்

முதல் கூட்டம் சாப்பாட்டு அறையில் நடந்தது. மனேஜர் கிரெக் சிரித்த முகக்காரர், எங்கள் பிறந்தநாளெல்லாம் அவருக்குப் பாடம். அறைக்குப் புதுக் கதிரை வருகிறது, நீலமா சாம்பலா என்று கேட்டார். நாற்பது நிமிடம் பேசினோம். கை உயர்த்தி வாக்கெடுத்தோம். நீலம் வென்றது. ஜனநாயகம் என்றால் இதுதான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த மாதம் வந்து இறங்கிய கதிரைகள் எல்லாம் சாம்பல்.

அதற்கடுத்த கூட்டத்துக்கு நான் ஆயத்தமாகப் போனேன். மூடி வெட்டும் இயந்திரத்தின் சத்தம் காதைக் கிழிக்கிறது என்றேன். அது இந்தக் கூட்டத்துக்குரிய விஷயம் இல்லை என்றார். லைனில் இரண்டு பேரைக் குறைத்துவிட்டீர்களே என்றேன். அதுவும் இல்லை என்றார். அப்படியானால் எதுதான் விஷயம் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். கிரெக் கோபப்படவே இல்லை. பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்: "மைக்ரோவேவ் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?"

யோகன் தொடாத பேனை

கூட்டம் முடிந்ததும் வருகைத்தாள் சுற்றி வரும். எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டும். சாமத்தியச் சடங்கு மண்டப வாசலில் நீட்டுகிற கொப்பியில் நாங்கள் என்றைக்காவது வாசித்துவிட்டா கையெழுத்துப் போட்டோம்? இதிலும் அப்படித்தான், பேனையை வாங்குவோம், கிறுக்குவோம், நகர்வோம்.

2012இல் யோகன் எங்கள் லைனுக்கு வந்தார். இலங்கையிலிருந்து படகில் வந்தவர், நாற்பது வயது, கையில் தற்காலிக விசா. முதல் கூட்டத்திலேயே பேனையைத் தொடாமல் நின்றார். தாளின் மேலே ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்தது. அது என்ன என்று என்னைக் கேட்டார். நான் தாளைப் பார்க்காமலே, "வந்த ஆக்களின்ர பேர் எண்டு இருக்கு" என்றேன். அவர் அப்போதும் தயங்கினார். பின்னால் எட்டுப் பேர் நிற்கிறார்கள், இடைவேளை முடியப் போகிறது, எனக்கோ எரிச்சல். "இது அவுஸ்திரேலியா, பயப்பிடாமப் போடும்" என்று பேனையை அவர் கையில் திணித்தேன். போட்டார். போட்டுவிட்டு மெதுவாக அவர் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது: "ஊரில, வாசிக்கத் தெரியாத தாளில ஒருக்காக் கையெழுத்துப் போட்டுத்தான் அண்ணை, ஒண்டரை வருசம் உள்ளுக்க இருந்தனான்."

மூன்று பின்னேரம்

அடுத்த வருடம் ஒரு கூட்டத்தில் கிரெக் திரையில் ஓர் அட்டவணையைப் போட்டார். இது யோசனை மட்டும்தான், முடிவில்லை, உங்களைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்று மூன்று தரம் சொன்னார். இனி நிரந்தரப் பகல் வேலை கிடையாது. வாரத்துக்கு வாரம் மாறும், ஒரு கிழமை காலை, மறு கிழமை பின்னேரம் இரண்டரையிலிருந்து பத்தரை வரை.

மனோகரி அக்காவின் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்றரைக்கு ஆஸ்பத்திரியில் டயலிசிஸ். கண்ணும் மங்கல். வேலை விட்டதும் அக்காதான் ஓடிப்போய்க் காரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், வேறு ஆள் இல்லை. வேலையை விட்டுவிட்டு இருக்கவும் அவர்களுக்கு வழியில்லை. முடிவெடுக்கவில்லை என்றுதானே சொல்கிறார்கள், எழுதிக் கொடுப்போம் என்று நான் வாக்குக் கொடுத்தேன். சனி ஞாயிறு முழுக்க இருந்து இரண்டு பக்கம் எழுதினேன். என் மனைவி எட்டிப் பார்த்து, வீட்டு விஷயத்துக்கு இப்படி ஒரு நாளாவது குந்தியிருந்தது உண்டா என்று தன் பங்குக்கு ஒன்று வைத்தாள். திங்கட்கிழமை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் என் ஆங்கிலத்தைப் பாராட்டவில்லை. "நல்லாக் கேளும் தம்பி. ஆனா அந்த மூண்டு நாளும் கொண்டுபோய் விடாட்டி, அவர் ஒரு கிழமையும் தாங்கமாட்டார்."

செந்தில் திருப்பிக் காட்டிய திரை

எங்கள் கணினிகளைப் பார்ப்பவர் செந்தில். மதுரைக்காரர், பொயிண்ட் குக்கிலிருந்து நகரத்தைக் குறுக்கே கடந்து வேலைக்கு வருபவர். என்னுடைய இரண்டு பக்கத்தையும் அச்செடுக்க அவரிடம் போனேன். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, தன் திரையை என் பக்கம் திருப்பினார்.

புது அட்டவணை அங்கே இருந்தது. பதினான்கு பேரின் பெயரும், யாருக்கு எந்தக் கிழமை என்பதும் இருந்தது. மனோகரி அக்காவுக்கு முதல் கிழமையே பின்னேரம். அதை உள்ளே போட்ட நாளும் இருந்தது, கிரெக் எங்களைக் கேட்க வருவதற்கு மூன்று கிழமைக்கு முன்னால். பொய் சொன்னதைக்கூடப் பொறுக்கலாம். சனி ஞாயிறு இருந்து எழுத வைத்துவிட்டு, ஒரு மனிசியை ஒரு கிழமை நம்ப வைத்துவிட்டுச் சொன்ன பொய்யை என்னால் பொறுக்க முடியவில்லை. செந்தில் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். "போன மாசமே ஏத்தியாச்சு சார். உங்களக் கேக்குறது மட்டும்தான் பாக்கி."

யூர்கன் வாசித்த இரண்டு வரி

அந்த நாட்களில் புது இயந்திரம் பூட்ட ஜெர்மனியிலிருந்து யூர்கன் என்ற தொழில்நுட்பக்காரர் வந்திருந்தார். தன் ஊர்த் தொழிற்சாலையில் தொழிலாளர் சபைக்குத் தெரிவானவர். என் சாம்பல் கதிரையில் இருந்து சாப்பிட்டபடி அங்கே நடப்பதைச் சொன்னார். வேலை தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் சபை ஒத்துக்கொள்ளாமல் மாற்ற முடியாது. ஒத்துவராவிட்டால் நடுவர்களிடம் போக வேண்டும். அதுவரை பழைய நேரம்தான். இங்கே எங்களைக் கேட்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, கேட்டதைக் காதில் போட வேண்டும் என்று இல்லை. ஒரே கொம்பனி, ஒரே மூடி. அங்கே உள்ளவனின் பின்னேரம் அவனுடையது, மனோகரி அக்காவின் பின்னேரம் கிரெக்குடையது.

எங்கள் வருகைத்தாளைப் போன்ற ஒன்றைத் தங்கள் சபையின் கோப்பில் கண்டதாக அவர் சொல்லவே, சுவரில் தொங்கிய பழைய தாளை எடுத்துக் கொடுத்தேன். மேலே இருந்த இரண்டு வரியையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். கீழே கையெழுத்திட்டவர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது; மாற்றங்களுக்கு அவர்கள் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. மூன்று வருடமாக நான் வாசிக்காத வரிகள். யோகன் முதல் நாளே கேட்ட வரிகள். யூர்கன் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டார். "இந்தத் தாள்கள் வருடா வருடம் எங்கள் சபைக்கு வரும். மெல்பேர்னில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றே நாங்கள் நினைத்தோம்."

பதினான்கு பேர்

முதலில் யோகனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பிறகு எல்லோரையும் வாகனத் தரிப்பிடத்தில் கூட்டிச் சொன்னேன், இந்த முறை ஒருவரும் கையெழுத்துப் போடக்கூடாது என்று. யோகன் மறுத்தார். வெறும் தாளில் பிறகு யாரும் எதையும் நிரப்பலாம், அதைத் தான் கண்டவர் என்றார். போடுவோம், பக்கத்தில் அவரவர் மொழியில் எழுதுவோம் என்றார். எங்களில் ஒன்பது பேர் தமிழர், மூன்று பேர் வியட்நாம்காரர், இரண்டு பேர் ஆப்கானியர். விசாவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு மனிதன் சொன்னபிறகு, குடியுரிமை வைத்திருக்கிற நாங்கள் என்ன சாக்குச் சொல்வது?

கூட்டத்துக்கு யூர்கனும் வந்து பின்வரிசையில் இருந்தார். நான் என் இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். கிரெக் நன்றி சொன்னார், பிஸ்கட் வந்தது, தாள் சுற்றியது. முதலில் எழுதியது யோகன். தாள் திரும்பி வந்தபோது கிரெக் அதைத் தூக்கிப் பிடித்து, கையெழுத்துக்குப் பக்கத்தில் இதெல்லாம் என்ன, அழகாக இருக்கிறதே என்று சிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கதிரை தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. எழுந்து நின்றது மனோகரி அக்கா. அந்த அறையில் வேலையை இழந்தால் ஓர் உயிரையும் சேர்த்து இழக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவருடைய ஆங்கிலத்தை அன்றைக்குத்தான் எல்லோரும் கேட்டோம். "நாங்கள் சம்மதிக்கவில்லை என்று எழுதியிருக்கிறது, கிரெக். பதினான்கு முறை."

தாளை யூர்கன் படமெடுத்துக்கொண்டு போனார். ஜெர்மனியிலிருந்து கேள்வி வந்தது, அட்டவணை இரண்டு மாதம் தள்ளிப் போனது. கடைசியில் அக்காவின் மூன்று பின்னேரமும் அக்காவுக்கே என்று எழுத்தில் கிடைத்தது. மற்றப் பதின்மூன்று பேரும் கிழமைக்குக் கிழமை மாறி மாறித்தான் போனோம், அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கூட்டம் இப்போதும் மாதாமாதம் நடக்கிறது, பிஸ்கட்டும் வருகிறது, ஆனால் வருகைத்தாளை ஜெர்மனிக்கு அனுப்புவதற்கு முன்னால் கிரெக் அதைச் செந்திலிடம் கொண்டுபோய் ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாராம்.