நெஞ்சு படபடக்க ஓடச் சொன்ன மிஸ்

கொரோனா முடிந்து கடைகள் எல்லாம் பழையபடி திறந்திருந்த நேரம் அது. ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில்தான் போய்வருவேன். ஒருநாள் காலை நோர்வூட் தாண்டி ஒரு வளைவில் பஸ் திரும்பும்போது, திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது. கை மரத்தது. மூச்சு முட்டியது. செத்துவிடப் போகிறேன் என்றே நினைத்தேன். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "இருதயத்துல ஒன்னுமில்ல" என்றார்கள். நிம்மதி வரவில்லை. ஒன்றுமில்லை என்றால் எனக்கு வந்தது என்ன? அது மறுபடி மறுபடி வந்தது. தண்ணீர்ப் போத்தல் இல்லாமல், கதவோர சீட் இல்லாமல் பஸ்ஸில் ஏறவே மாட்டேன். அப்படியும் பாதி வழியில் இறங்கிவிடுவேன். கோயிலில் கயிறு கட்டிப் பார்த்தோம். கடைசியில் வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

கடை முதலாளி எனக்குப் போன் எடுத்தார்; முஸ்லிம் ஆள், நானா என்றுதான் கூப்பிடுவோம். "பெருநாள் வருது தங்கச்சி. ஆள் இல்லாம சமாளிக்க ஏலாது. வருவீங்களா, மாட்டீங்களா?" "கொஞ்ச நாள் குடுங்க நானா" என்று கெஞ்சினேன்.

ஆஸ்பத்திரி டொக்டர் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னபோது என் வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. "லயத்துல அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தெரிஞ்சா பைத்தியம்னுதான் பேசுவாங்க" என்றார். ஆனாலும் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனார்.

அங்கே சிகிச்சை கொடுக்கும் மிஸ் என்னைவிட இளையவர், சிங்களவர். தமிழை யோசித்து யோசித்துப் பேசினார். இதற்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயராம். மருந்து தருவார் என்று காத்திருந்தேன். அவரோ முதல் நாள் பூராவும் கேள்விதான் கேட்டார். அடுத்த முறை போனபோது, "எழும்புங்க, ஓடுவோம்" என்றார்.

அந்தச் சின்ன அறையில், நின்ற இடத்திலேயே, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஓட, அவரும் கூடவே ஓடினார். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"இப்ப எப்படி இருக்கு?"

"நெஞ்சு அடிக்குது மிஸ். மூச்சு முட்டுது."

"அப்ப செத்துப் போவீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஓடுனோமே, அதனாலதான மிஸ்!"

"பஸ்லயும் இதே படபடப்புதான் வருது. அங்க மட்டும் எப்படி சாவு?"

படபடப்பை நிறுத்தத்தான் வந்தேன். இவர் அதை வரவழைக்கிறாரே! "இதுக்கா ஒருநாள் சம்பளத்த விட்டுட்டு வந்தேன்?" என்று வீட்டுக்காரர் வழியெல்லாம் முணுமுணுத்தார். எனக்கும் அதே சந்தேகம்தான். இருந்தாலும் விடாமல் போனேன். பிறகு வீட்டுக்காரரோடு கொஞ்ச தூரம் பஸ்ஸில் போய்ப் பழகினேன். ஒருநாள் மிஸ், தனியாக, போத்தல் இல்லாமல், நடு சீட்டில் உட்கார்ந்து போகச் சொன்னார். "வந்தா வரட்டும். எறங்காம இருந்து என்ன நடக்குதுன்னு பாருங்க."

வந்தது. அதே வளைவில். என்னைத் தெரிந்த கண்டக்டர் பையன் முகத்தைப் பார்த்தே மணியடிக்கக் கையை உயர்த்திவிட்டான். "அக்கா, எறங்குறீங்களா?"

'ஆமா' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்ல தம்பி, போகட்டும்."

முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். படபடப்பு ஏறிக்கொண்டே போனது. மிஸ் சொன்னதெல்லாம் பொய், இன்றோடு முடிந்தோம் என்று நினைத்தேன். ஆனால் டிக்கோயா வருவதற்குள் அது தானாகவே மெல்ல மெல்ல அடங்கியது. நான் ஒன்றுமே செய்யவில்லை. யாரும் என்னைக் காப்பாற்றவுமில்லை. பின்னே எங்கே போனது? ஹட்டனில் இறங்கி, பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். ஏன் அழுகிறேன் என்றும் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

இப்போதும் எப்போதாவது அது எட்டிப் பார்க்கும். ஏன் வருகிறது என்று தெரிந்தால்தான் இனி வாழவே முடியும் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். அது தெரியாமலேயே தினமும் வேலைக்குப் போய்வருகிறேன்.